முதல் ஆட்டத்தில் மூன்று கோல்

கால்பந்து அணியின் பின்வரிசையில் பெரும்பாலும் நான்கு பேர். நடுவில் இரண்டு ஸ்டாப்பர்கள், இரு ஓரங்களிலும் ஓரத்துக்கு ஒருவராக விங் பேக். மூன்று பேரை வைத்தும் ஐந்து பேரை வைத்தும் ஆடும் அணிகள் உண்டு. முன்வரிசை ஆட்டக்காரர் ஐந்து வாய்ப்பை வீணடித்து ஆறாவதில் கோல் போட்டால் அவருக்கு மாலை. ஸ்டாப்பர் எண்பத்தொன்பது நிமிடம் ஒழுங்காக ஆடி ஒரு முறை சறுக்கினால் அவருக்கு வசவு. சீசன் தொடங்கும் மாதத்தில் இந்த வசவு இரட்டிப்பாகும். நீரோடி முதல் இரயுமன்துறை வரை, குமரி மாவட்டத்தில் கால்பந்துக்குப் பேர்போன எட்டுக் கடற்கரை ஊர்களில், அது சற்று உரக்கவே கேட்கும்.

இந்த வசவுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் வாங்கிய பின்வரிசை சீசன் முடியும்வரை வாங்கிக்கொண்டேதான் இருக்கும், ஸ்டாப்பரை உடனே மாற்றாவிட்டால் அணி தேறாது என்பதே அது. எந்த அணி தோற்றாலும், எந்த ஆண்டானாலும், வார்த்தை மாறாமல் இதையே சொல்கிறார்கள். இது தவறு. பாதி தவறுகூட அல்ல, முழுத் தவறு.

சென்னையின் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது. முதல் முறை 2015இல், மார்கோ மாட்டராசி பயிற்சியாளராக இருந்தபோது. அந்த ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி சொந்த மைதானத்தில் நடந்த தொடக்க ஆட்டத்தில் அத்லெட்டிகோ டி கொல்கத்தாவிடம் 2-3 என்று தோற்றது. மூன்று கோல் வாங்கிய அந்த அணிதான் கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று, அரையிறுதியைத் தாண்டி, டிசம்பர் 20 அன்று கோவாவில் எஃப்சி கோவாவையே 3-2 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது.

இரண்டாவது முறை 2017-18 சீசனில். பயிற்சியாளர் ஜான் கிரகரி. 2017 நவம்பர் 19 அன்று சென்னையில் முதல் ஆட்டம், எதிரணி எஃப்சி கோவா. இடைவேளைக்குள் கோவா மூன்று கோல் போட்டுவிட்டது. சென்னை பிறகு இரண்டைத் திருப்பியடித்தாலும் ஆட்டம் 2-3 என்றே முடிந்தது. இந்தப் பின்வரிசையை நம்பி ஒரு சீசன் ஓடாது என்று அன்றிரவே முடிவு கட்டியவர்கள் ஏராளம். அடுத்த ஆட்டத்தில் நார்த் ஈஸ்ட் அணியை 3-0 என்றும், அதற்கடுத்து டிசம்பர் 3 அன்று புனேயை 1-0 என்றும் சென்னை வென்றது. தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை. புனேயில் விழுந்த அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் ஸ்டாப்பர் ஹென்ரிக் செரெனோ. ஒக்கிப் புயல் அடித்த வாரம் அது. கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த இந்தக் கரையில் பந்தாட்டம் பார்க்கும் நிலையில் எவரும் இல்லை. கோவாவிடம் வாங்கிய மூன்று கோல் மட்டும் பேச்சில் நிலைத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த சீசனின் 18 லீக் ஆட்டங்களில் சென்னை வாங்கிய கோல் மொத்தம் 19. முதல் ஆட்டத்து மூன்றைக் கழித்தால் மீதி 17 ஆட்டங்களுக்கு 16, அதாவது ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. லீக்கில் 42 கோல் குவித்த அதே கோவா, 2018 மார்ச் 13 அன்று அரையிறுதிக்காக அதே சென்னை மைதானத்துக்குத் திரும்பி வந்தது. இந்த முறை அதற்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை, சென்னைக்கு 3-0. நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் இறுதி ஆட்டம். பெங்களூரு எஃப்சி முதலில் கோல் போட, சென்னை 3-2 என்று வென்றது. அந்த மூன்றில் இரண்டு, கார்னரிலிருந்து வந்த பந்தை ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்டவை. நவம்பரில் மாற்றச் சொன்ன பின்வரிசைதான் மார்ச்சில் கோப்பையை வாங்கித் தந்தது.

சென்னைக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிடவும் வழியில்லை. 2019-20 சீசனில் கொல்கத்தா அணியான ஏடிகே, கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-2 என்று தோற்றுத் தொடங்கியது. வாங்கிய இரண்டில் ஒன்று பெனால்டி. ஆனாலும் 18 லீக் ஆட்டங்களில் மொத்தம் 16 கோல் மட்டுமே வாங்கி, இறுதியில் சென்னையை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையும் வாங்கியது. அந்த அணியின் இடது விங் பேக் இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி என்ற வேறொரு அணியில் தாக்குதல் ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவரை, மூன்று ஸ்டாப்பர்களை வைத்து ஆடிய பயிற்சியாளர் அன்டோனியோ ஹபாஸ் ஓரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஓடவைத்தார். சொந்த ஊர்ப் பையன் ஆடிய பின்வரிசையே இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய பிறகும் அது கடற்கரையில் உலவுகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2018-19 சீசனின் முதல் ஆட்டத்தில் சென்னை பெங்களூரிடம் ஒரே ஒரு கோல்தான் வாங்கியது. கோப்பை வென்ற ஆண்டைவிட இரண்டு குறைவு. அந்த சீசன் முடியும்போது வாங்கிய கோல் 32, வென்ற ஆட்டம் இரண்டு, பட்டியலில் கடைசி இடம். 2021-22இல் முதல் நான்கு ஆட்டங்களில் தோல்வியே இல்லை, வாங்கிய கோலும் இரண்டுதான். இரும்புக்கோட்டை என்று கொண்டாடப்பட்ட அந்தப் பின்வரிசை 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று உடைந்தது, பயிற்சியாளர் போஜிதார் பாண்டோவிச் வேலையை இழந்தார். 20 ஆட்டங்களின் கணக்கு 35 கோல். ஆக, மோசமான தொடக்கத்துக்குப் பிறகு கோப்பை வந்திருக்கிறது, அருமையான தொடக்கத்துக்குப் பிறகு சீரழிவும் வந்திருக்கிறது. முதல் வாரக் கோல் எண்ணிக்கையை வைத்துச் சீசனைக் கணிப்பவர் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம், நேரமாவது மிச்சமாகும்.

சீசன் தொடக்கத்தில் பின்வரிசை தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்களின் திறமைக்குறைவு அல்ல. நான்கு பேரும் ஒருவரையொருவர் இன்னும் அறியாததே காரணம். சூப்பர் லீக் அணிகளில் பெரும்பாலும் ஸ்டாப்பர்களில் ஒருவராவது, சில சமயம் இருவருமே, வெளிநாட்டவர். ஒருவர் பேசுவது போர்த்துகீசியம், மற்றவர் பேசுவது ஸ்பானிஷ், விங் பேக் மிசோரம்காரர், கோலி பஞ்சாபி என்று அமைவது சாதாரணம். சில வாரப் பயிற்சி முகாமில் உடம்பு தேறிவிடும், பார்வைப் பழக்கம் தேறாது. அந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு கணத்தில் காணலாம். எதிரணி நடுவரிசைக்காரர் பந்தோடு தலை நிமிர்கிறார், நீண்ட பாஸுக்குக் காலை ஓங்குகிறார். வலது ஸ்டாப்பர் ஓர் அடி முன்னே வைக்கிறார். அதே நொடியில் மற்ற மூவரும் முன்னே வந்தால் எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடு. இடது விங் பேக் மட்டும் அரை அடி பின்தங்கினாலும் ஃபார்வர்டு சட்டப்படி சரியான இடத்தில்தான் நிற்கிறார், பந்தும் அவர் காலுக்கு வந்துவிட்டது, எதிரே கோலி மட்டும். தொலைக்காட்சியில் தெரிவது துரத்திக்கொண்டு ஓடித் தோற்கும் ஸ்டாப்பரின் முதுகு. திட்டு வாங்குபவரும் அவரே. அரை அடி பின்தங்கியவர் திரையிலேயே இல்லை. கரமடி வலை இழுப்பில் ஓர் ஆள் கயிற்றைத் தளரவிட்டால் மொத்த மடியும் கோணிக்கொள்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். இந்த ஒருமித்த அசைவு ஆடி ஆடித்தான் வரும், ஏழெட்டு ஆட்டங்களுக்கு முன் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே இரண்டாவது வாரத்தில் ஸ்டாப்பரை மாற்றச் சொல்வது, பாதி பழகிய ஜோடியைப் பிரித்து முதலிலிருந்து தொடங்கச் சொல்வதாகும். இதற்கு எதிராக 2022 உலகக் கோப்பையைக் காட்டுவார்கள். இந்த ஊர்களில் அர்ஜென்டினா கட்சிக்கு ஆள் குறைவில்லை. சவுதி அரேபியாவிடம் முதல் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றதும் லியோனல் ஸ்கலோனி பின்வரிசையில் ஆட்களை மாற்றினார் என்பது உண்மை. ஆனால் நடுவில் ஸ்டாப்பர் ஒட்டாமெண்டி அப்படியே நின்றார். மெக்சிகோவுக்கு எதிராக உட்கார வைக்கப்பட்ட ரொமேரோ போலந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். அந்த இரண்டு ஆட்டங்களிலும் அர்ஜென்டினா கோல் வாங்கவில்லை. ஸ்பெயின் 2010இல் ஸ்விட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றுத் தொடங்கிக் கோப்பையை வென்றது. தொடர் முழுவதற்கும் அது வாங்கியது இரண்டே கோல், அதில் ஒன்று அந்த முதல் ஆட்டத்தில் வாங்கியது.

தொடக்க ஆட்டங்களில் கவனிக்க வேண்டியது எத்தனை கோல் என்பதை அல்ல, எப்படி வந்த கோல் என்பதை. பெனால்டி, யார் காலிலோ பட்டுத் திரும்பிய பந்து, கோலியின் கை நழுவல் போன்றவற்றை ஒதுக்கிவிடலாம். ஒரே வகைக் கோல் மூன்று ஆட்டங்களில் மூன்று முறை வந்தால் அங்கே நோய் இருக்கிறது. கார்னரில் தூரக் கம்பத்துப் பக்கம் எப்போதும் ஓர் எதிரணி ஆள் தனியாக நிற்கிறாரா? நடுவரிசையில் பந்தை இழந்த அடுத்த நான்கு நொடியில் ஸ்டாப்பர்கள் இருவர் மட்டும் மூன்று பேரைச் சந்திக்கிறார்களா? இரண்டாவதற்கு ஆம் என்பது பதிலானால் குற்றவாளி நடுவரிசை, பின்வரிசையை மாற்றிப் பயனில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. குறைவாகக் கோல் வாங்கும் அணிக்கே கோப்பை என்பது ஒன்று. 2017-18இல் மிகக் குறைவாக, 16 கோல் மட்டுமே வாங்கிய பெங்களூரு சொந்த மைதானத்து இறுதி ஆட்டத்தில் தோற்றது. 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி 20 ஆட்டங்களில் வாங்கியது 28 கோல், போட்டது 48. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம் போன ஈஸ்ட் பெங்கால் அதைவிடக் குறைவாகவே வாங்கியிருந்தது. கோப்பையை உறுதி செய்த கடைசி ஆட்டத்தில் சென்னை சிட்டிக்காக இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா, அவரும் பின்வரிசைக்காரர்தான்.

பின்வரிசை பலமானால் போதும் என்பது இன்னொன்று. 2020-21இல் சென்னை 20 ஆட்டங்களில் வாங்கியது 23 கோல், மோசமில்லை. போட்டதோ 17. பதினொரு ஆட்டங்கள் சமனில் முடிந்து எட்டாமிடம்.

பின்வரிசை மைதானத்தின் நடுக்கோட்டருகே ஏறி நிற்பது தற்கொலை என்பதும் அடிக்கடி கேட்பது. 2022இல் அர்ஜென்டினாவை வென்ற அன்று சவுதி அரேபியா அப்படித்தான் நின்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. ஏறி நிற்பதில் தவறில்லை, ஒருவர் ஏறி ஒருவர் தங்குவதில்தான் தவறு. ஸ்டாப்பர் ஆறடிக்கு மேல் இருந்தாக வேண்டும் என்ற பேச்சுக்குப் பதில் தேவையில்லை. 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் தலைவரும் ஸ்டாப்பருமான ஃபாபியோ கன்னவாரோ ஆறடிக்கு நன்றாகவே குறைந்தவர்.

செவன்ஸ் ஆடிப் பழகினால் எந்த இடத்திலும் ஆடலாம் என்ற கடைசி நம்பிக்கை இந்தக் கரைக்கே உரியது. இதுதான் கேடு விளைவிப்பதும்கூட. ஏழு பேர் ஆட்டம் காலுக்கு வேகம் தருகிறது, நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றக் கற்றுத் தருகிறது, திருவிழா நாட்களில் ஊரையே மைதானத்துக்கு இழுக்கிறது. ஆனால் செவன்ஸ் போட்டிகள் பலவற்றில் ஆஃப்சைடே கிடையாது. ஆஃப்சைடு இல்லாத இடத்தில் பின்வரிசை ஒரு கோடாக நிற்க வேண்டிய தேவையே எழாது, ஆளைப் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். கடற்கரை மணலில் ஏழு பேர் ஆட்டமாடி வளர்ந்த பையன் முதன்முதலாக நான்கு பேர் வரிசையில் நிற்பது கல்லூரி அணியிலோ மாவட்ட அணித் தேர்விலோதான். அதற்குள் வயது பதினெட்டு ஆகிவிடுகிறது. இந்த எட்டு ஊர்களின் பெயர் ஓர ஆட்டக்காரர்களாலும் நடுவரிசைக்காரர்களாலும் பரவிய அளவுக்கு ஸ்டாப்பர்களால் பரவாததில் வியப்பில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். பன்னிரண்டு வயதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாளாவது பதினொரு பேர் ஆட்டம் வேண்டும், அதில் கொடியோடு லைன்ஸ்மேன் நிற்க வேண்டும். நான்கு பேரின் இடுப்பையும் ஒரே கயிற்றில் கோத்து, பந்து போகும் பக்கமெல்லாம் சேர்ந்து நகரப் பழக்கும் பயிற்சி உலகெங்கும் உண்டு. கயிற்றுக்கு மீனவ ஊரில் பஞ்சமில்லை. பஞ்சம் தரைக்குத்தான். சர்வதேச ஆட்டத்துக்கான மைதானம் குறைந்தது 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். கடலுக்கும் வீடுகளுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கரையில், அலை ஆண்டுதோறும் அரித்துப்போகும் மணலில், அந்த அளவுக்கு ஒரு புல்தரை தானாக அமையாது. உள்ளே சாலைக்குக் கிழக்கே அரசு இடம் ஒதுக்கினால்தான் உண்டு. திருவிழாக் கோப்பைப் போட்டிகளை நடத்தும் ஊர்க் குழுக்கள் பரிசுத் தொகையில் ஒரு பங்கைச் சிறுவர் அணிப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். அதிகக் கோல் போட்டவருக்குத் தரும் பரிசுக்கு இணையாக, குறைவாகக் கோல் வாங்கிய பின்வரிசைக்கும் அதன் நான்கு பேர் பெயரிலும் சேர்த்து ஒரு பரிசு அறிவிக்கலாம்.