உடலுக்கேற்ற கருவி

வேளாண்மையில் விபத்து என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பாம்புக்கடி, மின்சாரம், கதிரடிக்கும் யந்திரம் ஆகியவையே. இவை ஒரு நொடியில் நிகழ்வதால் ஊரே அறிகிறது. ஆனால், 40 வயதிலேயே நிமிர முடியாமல் வரப்பில் அமர்ந்துவிடும் பெண்ணின் இடுப்பு வலியை எவரும் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் தொழிலால் நேர்ந்த காயமே. சிறுகச் சிறுகப் பல்லாண்டுகளில் நேர்ந்தது என்பதே வேறுபாடு.

வேலைக்காக உடலை வளைக்காமல், உடலுக்குத் தக்கவாறு வேலையையும் கருவியையும் அமைத்துக்கொள்ளும் முறையைப் பணிச்சூழலியல் என்பர். பெயர்தான் புதிது. மண்வெட்டிக்குத் தம் உயரம் பார்த்துக் கணை போட்டுக்கொண்ட நம் பாட்டனார்கள் இதனை அறிந்தவர்களே.

குனிந்து தூக்குவதில் உள்ள கேடு யாது? ஏற்றத்தைக் கண்ட முதியோர், துலாவின் குட்டை முனையில் பெருங்கல்லைக் கட்டுவதன் காரணத்தை அறிவர். நம் முதுகும் அத்தகைய துலாவே. முதுகுத் தசை, முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவில் நின்றுதான் இழுக்கிறது. 20 கிலோ மண் கூடையை 50 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அத்தசை ஏறத்தாழ 200 கிலோ அளவுக்கு இழுக்க நேரிடும். குனிந்த உடலின் பாரம் இக்கணக்கில் சேரவில்லை. கூடையை 25 செ.மீ. அளவுக்கு நெருக்கிப் பிடித்தால் அச்சுமை பாதியாகும். ஆகவே முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் எழ வேண்டும்.

ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. நமது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சிப்பம் 40 கிலோ. யூரியா மூட்டையும் 2018 முதல் 45 கிலோவாகக் குறைந்தது. எனினும் எடை குறைந்தால் மட்டும் போதாது. தரையிலிருந்து தூக்குவது வேறு. இடுப்பளவு மேடையிலிருந்து முதுகில் சரித்துக்கொள்வது வேறு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கற்கள், பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கி ஏற்றும் உயரத்திலேயே அமைந்துள்ளன. உலர்களத்தின் ஓரத்தில் இடுப்பளவு மேடையொன்று கட்ட ஊராட்சிக்குப் பெருஞ்செலவு ஆகாது.

25 செ.மீ. இடைவெளியில் வரிசை நடவு செய்த வயலில், கோனோ களைக்கருவியால் நின்றவாறே களையெடுக்கலாம். ஆயினும் சில இடங்களில் அதனை மூலையில் சாய்த்துவிட்டுப் பெண்கள் குனிந்தே களை பறிக்கின்றனர். இதனைப் பழமைப் பற்று என்று குறை கூறுதல் தகாது. உயர்ந்த ஆணுக்கெனப் பொருத்திய கைப்பிடி ஒரு பெண்ணின் மார்பளவில் நின்றால், தோள்தான் வலிக்கும். கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டு நிற்க வேண்டும். உயரத்தை மாற்றத் துளைகளும் திருகாணியும் உள்ள கருவியையே வாங்குதல் நலம்.

ஊராட்சிகளின் கொள்முதல் பட்டியலில் ‘துடைப்பம்’ என்று ஒரு சொல் மட்டும் எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன். பிடி எத்தனை நீளம் என வினவினால் விடையில்லை. தூய்மைக் காவலர் நாள்தோறும் தெருத் தெருவாகப் பெருக்குபவர். குட்டைத் துடைப்பம் அவரை நாள் முழுவதும் குனிய வைக்கும். அடுத்த கொள்முதலுக்கு முன் இரண்டு மூன்று மாதிரிகளை வரவழைத்து, பெருக்குபவரிடமே ஒரு வாரம் கொடுத்துப் பார்த்து, அவர் தேர்ந்த நீளத்தைத் தீர்மானத்தில் எழுதுக.