பழைய மினி கம்ப்யூட்டரில் ஆர்கேட் கேம்ஸ்

கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டில் சும்மா கிடந்த மினி கம்ப்யூட்டரை ஆர்கேட் மெஷினாக மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கில் அத்தாவின் கடைக் கணக்கு இருந்தது. அதைத் தொடாமலேயே வேலை முடிந்தது. உங்களாலும் முடியும்.

தேவையானவை: 64 பிட் ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டர், 16 ஜிபி பென் டிரைவ், யுஎஸ்பி கேம்பேட்.

1. பட்டோசெரா என்ற இலவச லினக்ஸ் தொகுப்பை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்திடவும்.

2. எட்ச்சர் புரோகிராம் மூலம் அதனை பென் டிரைவில் எழுதிடவும். கவனம்! டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். நான் அவசரத்தில் வேறு டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அக்காவின் திருமணப் படங்கள் போய்விட்டன. வேறு காப்பி இல்லை. எனவே மற்ற டிரைவ்களை முதலில் கழற்றிவிடுங்கள்.

3. பயாஸில் செக்யூர் பூட் இருந்தால் ஆப் செய்து, பென் டிரைவிலிருந்து பூட் செய்திடவும். மெனுவில் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யும் பிரிவைத் தொட வேண்டாம்; அது ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடும்.

4. 1981இல் வந்த 'ராபி ரோட்டோ' கேம், 1997இல் தொடங்கிய மேம் எமுலேட்டரின் தளத்தில் சொந்த உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கிறது. எப்1 கீயை அழுத்தினால் பைல் மேனேஜர் திறக்கும். ஜிப் பைலைப் பிரிக்காமல் ரோம்ஸ் போல்டருக்குள் உள்ள மேம் போல்டரில் காப்பி செய்திடவும். உரிமை பெறாத கேம்களைத் தவிர்த்திடுங்கள்.

விளையாடி முடித்து பென் டிரைவை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் பழையபடி இயங்கும். அத்தாவின் கணக்கும் அப்படியே இருக்கும்!