அங்கொடைப் பயமும் மனச்சோர்வு நோயும்



"சும்மா இரு, இல்லாட்டி அங்கொடைக்கு அனுப்பிடுவாங்க" என்று பிள்ளைகளை மிரட்டுவதை நம் லயங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். விளையாட்டாகச் சொல்லும் இந்தப் பேச்சினால் ஒரு பெரிய தீமை விளைகிறது. மனதில் நோய் வந்தவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே அஞ்சுகிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, இன்று வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

மனச்சோர்வு என்றால் என்ன?

கவலை எல்லோருக்கும் வரும். கொழுந்து குறைந்த மாதத்தில் சம்பளம் போதாவிட்டால் கவலை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் துக்கம். அது நாளடைவில் ஆறிவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு கிழமைக்கு மேலாக நாள் முழுக்க மனம் இருண்டு கிடக்கும். விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் வராது. சாப்பாடு பிடிக்காது. ஆசையாகச் செய்த வேலையும் வெறுத்துப்போகும். சிலர் தலையிடி, உடம்புவலி, நெஞ்சுபாரம் என்று டிஸ்பென்சரிக்கு நடந்தபடி இருப்பார்கள். ஆண்கள் சிலர் குடியில் விழுவார்கள். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்ற எண்ணமும் வரும்.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்து நாலு மாதம். பிரசவ லீவு முடிந்தும் மலைக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை. அழுதபடி காம்பராவில் படுத்திருக்கிறாள். "சோம்பேறி" என்கிறார் மாமியார். "காத்து கறுப்பு பட்டிருக்கு" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டும் இல்லை. அவளுக்கு வந்திருப்பது நோய். நோய் என்றால் அதற்கு மருந்தும் உண்டு.

அந்தக் காலம்

முன்பு பல நாடுகளில் மனநோயாளரைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். பிரான்சு நாட்டில் 1790களில் பினெல் என்ற வைத்தியர், இவர்களையும் மற்ற நோயாளரைப் போல அன்பாக நடத்த வேண்டும் என்று வழிகாட்டினார். இலங்கையில் வெள்ளைக்காரர் ஆட்சியில் 1847இல் பொரளையில் ஒரு மனநோயாளர் விடுதி திறக்கப்பட்டது. பின்பு அது கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. 1926இல் அங்கொடை ஆஸ்பத்திரி வந்தது. அந்நாளில் நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்வதே வைத்தியமாக இருந்தது. போனவர்கள் பலர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். ஆகவே நம் பாட்டன்மார் பயந்ததில் காரணம் இருந்தது.

1938இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இரு வைத்தியர்கள் மின்சார வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அது பலரைக் குணமாக்கியது. ஆனால் மயக்க மருந்தில்லாமல் கொடுத்ததால் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. "கரண்ட் புடிப்பாங்க" என்ற பேச்சுக்கு வேர் அதுதான்.

பிறகு காலம் மாறியது. 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற வைத்தியர், இமிப்ரமின் மாத்திரை மனச்சோர்வைக் குறைக்கிறது என்று 1957இல் எழுதினார். இப்போது அதிகம் கொடுக்கப்படும் புளுவொக்செற்றின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தக் காலம்

இன்று மனச்சோர்வுக்காக அங்கொடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் நடக்கிறது. காசு கிடையாது. டாக்டர் முதலில் பேசிக் கேட்பார். இரத்தக் குறைவு, தைரொயிட் கோளாறு போன்றவையும் சோர்வைத் தரும் என்பதால் இரத்தம் சோதிக்கவும் சொல்லலாம்.

மாத்திரை தந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது தலையிடி மாத்திரை போல உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் வாய் உலரலாம், வயிறு குமட்டலாம். "நாலு நாள் போட்டேன், ஒண்ணும் சுகமில்ல" என்று நிறுத்துவதுதான் நம்மிடம் நடக்கும் பெரிய பிழை. சுகமான பிறகும் ஆறு மாதமாவது போட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இது போதைப்பழக்கம் ஆகாது. பால் கொடுக்கும் தாய்மார் அதை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ற மாத்திரை தருவார்.

சாப்பிடாமல் கிடப்பவரையும், சாக வேண்டும் என்று சொல்பவரையும் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சில கிழமைகளில் வீடு திரும்பலாம். நோய் மிகக் கடுமையானால் மின்சார வைத்தியம் இன்றும் உண்டு. ஆனால் இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். நோயாளிக்கு வலி தெரியாது. சில நாட்களுக்கு மறதி இருக்கலாம். அங்கொடையும் 2008இல் தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் மாறிவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாங்கள் தடுக்கவில்லை. நேர்த்தியும் வைக்கட்டும், மாத்திரையும் போடட்டும். கோடாங்கி சொன்னார் என்று மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

"சாகலாம்போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, புல் மருந்து எதுவும் காம்பராவில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பொலிஸ் பிடிக்கும் என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

காய்ச்சல் வந்தவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். மனம் சோர்ந்தவருக்கும் அதே கஞ்சியை வைத்துக் கொடுத்து, கிளினிக் நாளில் கூடப் போய் வருவோம்.

வீட்டில் பேசிப் பார்க்க:
1. கவலைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் என்ன வித்தியாசம்?
2. மாத்திரையை இடையில் ஏன் நிறுத்தக் கூடாது?
3. நம் லயத்தில் கொஞ்ச நாளாக வெளியே வராமல் இருப்பவர் யார்? இன்று அவர் வீட்டுக்கு யார் போவது?