வராந்தாப் பாத்தியில் ஒரு மண் பாடம்

இலுப்பூர்ப் பக்கம் பள்ளி வளாகத்தில் கால் வைத்தால் படுவது பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். ஊற்றிய தண்ணீரைச் சட்டென்று கீழே இறக்கிவிடும் மண் அது. ஆகவே, எங்கள் பள்ளி வராந்தாவில் செங்கல் வைத்துக் கட்டிய காய்கறிப் பாத்தியை நிரப்பும்போது, ஈரம் நிற்கும் நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று கண்மாய்க் கரம்பையைக் கொண்டுவந்து கொட்டினோம். பாத்தியின் நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். அடியில் வராந்தாவின் சிமெண்டுத் தரை. காலை வெயில் விழும். ஆடு, மாடு வராது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றே நினைத்தோம்.

கத்தரி, தக்காளி நாற்று நட்ட மூன்றாம் வாரம் இலைகள் தொங்கின. அடியிலைகள் மஞ்சளாயின. அந்த வாரம் தண்ணீர் ஊற்றும் முறை ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. “ஒழுங்காத் தண்ணி ஊத்துறியா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். “தினம் ரெண்டு வேளை ஊத்துறேன் சார். சனிக்கிழமைகூட வந்து ஊத்துனேன்” என்றாள். நான் நம்பவில்லை. கூடுதலாக ஒரு வாளி ஊற்றச் சொன்னேன். சில நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, வழவழவென்று, சாக்கடை நாற்றத்தோடு வந்தது. அவள் சொன்னது உண்மை. செடி தண்ணீர் இல்லாமல் வாடவில்லை. தண்ணீரில் மூச்சு முட்டி வாடியிருந்தது.

ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாடுகிறது?

வேரும் சுவாசிக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகளில் இருக்கிறது. அந்த அறைகள் முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வேரைச் சென்றடைவது மிகவும் கடினம். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆக்சிஜன் இல்லாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் நீர் இருந்தும் இலைக்கு நீர் போய்ச் சேராது. ஆகவே வறட்சியில் வாடும் செடியும் நீர் தேங்கி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இலையைப் பார்த்து முடிவு செய்தது என் தவறு. மண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

கரம்பை கெட்ட மண் அல்ல. செம்மண் வயலில் அதைப் பரப்பினால் ஈரமும் சத்தும் தங்கும். அதனால்தான் உழவர்கள் கண்மாயிலிருந்து வண்டி வண்டியாக எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் அதில் களித் துகள்கள் அதிகம். களித் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அவற்றுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வயலில் அடியில் உள்ள செம்மண் மிகுதி நீரை வாங்கிக்கொள்கிறது. சிமெண்டுத் தரையில் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. நம் ஊர்க் கண்மாய்க்கு மடை உண்டு, கலிங்கும் உண்டு. நாங்கள் கட்டிய பாத்திக்கு இரண்டும் இல்லை.

கூரைக்குக் கீழே உள்ள பாத்திக்கு வேறு சிக்கல்களும் உண்டு. வெயிலும் காற்றும் குறைவு என்பதால் மண் மெதுவாகக் காய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு, மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. திறந்தவெளி மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். வராந்தாவில் மழை படாது.

மாணவர்களோடு செய்த நான்கு சோதனைகள்

*1. புட்டிச் சோதனை.* கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும், ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் போட்டு நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைக்கவும். மணல் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் அளந்து சதவீதமாக மாற்றுவது கணக்குப் பாடம். கரம்பை, செம்மண் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

*2. குழிச் சோதனை.* பாத்தியில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பவும். அது வடிந்தபின் மீண்டும் நிரப்பி, அளவுகோலை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவும். 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வடிகால் போதாது. எங்கள் பாத்தியில் முதலில் ஊற்றிய நீரே மாலை வரை வடியவில்லை.

*3. கட்டிச் சோதனை.* நன்கு காய்ந்த, பட்டாணி அளவு மண்கட்டியை மழைநீர் உள்ள டம்ளரில் மெல்ல இடவும்; கலக்கக் கூடாது. சிறிது நேரத்திலும் மறுநாளும் பார்க்கவும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கக்கூடும். அத்தகைய மண்ணுக்கே ஜிப்சம் பயன்படும். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் வேண்டியது ஜிப்சம் அன்று, மக்கிய உரம். எங்கள் கட்டி உதிர்ந்தது, நீர் கலங்கவில்லை. உறுதி செய்துகொள்ள விரும்புவோர் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

*4. ஸ்பாஞ்சுச் சோதனை.* செவ்வக ஸ்பாஞ்சை நீரில் நனைத்து, உள்ளங்கையில் படுக்கைவாட்டில் வைக்கவும். சொட்டுவது நின்றபின் அதைச் செங்குத்தாக நிறுத்தவும். மீண்டும் நீர் சொட்டும். அதே ஸ்பாஞ்சு, அதே நீர். உயரம் மட்டுமே கூடியது. எந்த மண்ணிலும் அடிப்பகுதியில் ஓரளவு உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். ஆழம் குறைந்த பாத்தியில் அந்த ஈரப் பட்டை வேர் வளரும் இடம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

இந்த நான்காம் சோதனை ஒரு பழைய நம்பிக்கையையும் திருத்தும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்று நாம் எல்லோரும் செய்து வந்திருக்கிறோம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் ஏறக்குறைய முழுதும் நிறைந்தபிறகே இறங்கும். ஜல்லி அடுக்கு ஈரப் பட்டையை மேலே தள்ளுகிறது. வேருக்குக் கிடைக்கும் ஆழத்தையும் குறைக்கிறது. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலப்பதும் உதவாது. மணலின் இடைவெளிகளைக் களி அடைத்துக்கொண்டு மேலும் இறுகும். பயன் தெரிய வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அதற்குச் செலவும் அதிகம்.

பாத்தியைத் திருத்திய முறை

முதலில் நீர் வெளியேற வழி செய்தோம். சுவரின் அடிவரிசையில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து துளைகள் இட்டு, சிறு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகினோம். மண் வெளியேறாமல் உட்புறம் நைலான் வலை. துளை இடும் வேலையைக் கொத்தனார் செய்தார். மாணவர்கள் அளந்து குறித்தார்கள்.

அடுத்து மண். கரம்பையில் பாதியை எடுத்து வளாகத்தில் உள்ள வேப்பங்கன்றுகளின் பாத்தியில் போட்டோம். செம்மண்ணுக்கு அது மருந்து. அந்த இடத்தைச் செம்மண்ணால் நிரப்பி, மேலே 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய தொழு உரம் பரப்பி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தோம். எவ்வளவு உரம் வேண்டும் என்பதை மாணவர்களே கணக்கிட்டார்கள்: 3 × 1 × 0.05 = 0.15 கன மீட்டர். அதாவது 150 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பத்து வாளி. மட்கு, களித் துகள்களைச் சிறு உருண்டைகளாகச் சேர்த்துக் கட்டுகிறது. உருண்டைகளுக்கு இடையே காற்றும் நீரும் போக வழி கிடைக்கிறது. மட்கு கரையக் கரைய, ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மக்காத தென்னை நார்க்கழிவைக் கலக்க வேண்டாம். அது மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

களிமண்ணை ஈரமாக இருக்கும்போது கொத்தவே கூடாது. காற்றறைகள் நசுங்கிச் செங்கல்போல் இறுகிவிடும். ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

வடிகால் அமைந்தபின் அவ்வப்போது மழைநீர்த் தொட்டி நீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுகிறோம். வடியும் நீரை வாளியில் பிடித்து அன்றே மரத்துக்கு ஊற்றிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் சிறிது நீரிலும் முட்டையிடும் என்பதால் இதில் தளர்வு கூடாது. மண் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பாடத்தின் பகுதியே.

வகுப்புக்கு எடுத்துச் செல்ல

தொடக்க வகுப்புகளில் மண்ணைத் தொட்டு, உருட்டி, நிறமும் மணமும் சொல்லச் செய்யலாம். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் வரும் ‘பாறை மற்றும் மண்’ பாடத்துக்குப் புட்டிச் சோதனை நேரடியாகப் பொருந்தும். உயர்நிலை வகுப்புகளில் சுவாசம், நுண்புழை விளைவு ஆகியவற்றை இந்தப் பாத்தியைக் காட்டியே விளக்கலாம். தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் இயங்கும் பள்ளிகளில் குழிச் சோதனையைப் பருவத்துக்கு ஒருமுறை செய்து பதிவேட்டில் எழுதி வைக்கலாம். எங்கள் பதிவேட்டில் திருத்தத்துக்குப் பின் எழுதிய அளவு, ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர்.

நாங்கள் செய்த இன்னொரு மாற்றத்துக்குச் செலவே இல்லை. முன்பு பொறுப்பு அட்டவணையில் ‘தண்ணீர் ஊற்றினேன்’ என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. ஊற்றினால்தான் வேலை செய்ததாகப் பொருள். இப்போது, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ‘ஈரம் இருக்கிறது; ஊற்றவில்லை’ என்று குறிப்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. இரண்டும் வேலைதான். அந்த மாணவியிடம், எல்லோர் முன்னிலையில் கேட்டதை எல்லோர் முன்னிலையிலேயே திருத்திக்கொண்டேன். புதிய கட்டத்தில் முதல் குறியை இட்டவள் அவள்தான்.