கண்டெடுத்த தண்டையும் தண்ணீர்ச் சோதனையும்

தண்டை என்றால் நம் மாணவ நண்பர்கள் பலருக்கு முருகன் பாட்டில் வரும் ஒரு சொல், அவ்வளவே. எனக்கும் சென்ற இடவப்பாதி வரை அப்படித்தான் இருந்தது. மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் ஓட்டு வீட்டின் தளத்தைப் பெயர்த்தபோது மண்ணோடு ஒரு வளையம் வந்தது. இரு கம்பிகளை முறுக்கிச் செய்த குழந்தைத் தண்டை. கறுப்பேறி, ஆங்காங்கே பச்சை பூத்திருந்தது.

செய்தி கேட்டு மூன்றாம் வீட்டுப் பாட்டி கோலூன்றி வந்துவிட்டார். எங்களைப் போலவே தென்காசிப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் இதே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். "என் மூத்த மக தண்டைய்யா இது. எங்க அய்யா ராசா தலை போட்ட ரெண்டு ரூவாயை உருக்கிச் செஞ்சது. காணாமப் போனதும், நான் களவா பொறந்த வீட்டுக்குக் கொடுத்துட்டேன்னு எங்க அத்தை சாகிற வரைக்கும் சொன்னாங்க" என்றார். அது நடந்தது 1961இல்.

வீட்டுக்காரர் பாட்டியின் கொழுந்தனார் மகன். அவரோ பச்சையைக் காட்டி, "பெரியம்மாவுடையது வெள்ளி. இது ஜெர்மன் சில்வர், வேறு யாருடையதோ" என்று முடித்துவிட்டார்.

பெயரில் சில்வர் இருந்தாலும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை அது. ஆனால் பச்சையைக் கண்டதும் வெள்ளியன்று என்று தள்ளிவிடுவதும் பிழை. வெள்ளியில் உறுதிக்காகச் சேர்த்த செம்பும் ஈர மண்ணில் பச்சை பூக்கும். கறுப்போ கந்தகத்தின் வேலை. அதை வைத்து வயதைக் கணிக்க முடியாது.

ஆகவே ஆர்க்கிமிடீசின் வழியைப் பற்றினேன். பொருளை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுக்க வேண்டும். முதல் எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஜெர்மன் சில்வருக்கு 8.7ஐ ஒட்டி வரும்.

இனி ரூபாய்க்கு வருவோம். 1835 முதல் வழங்கிய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதன் அடர்த்தி கணக்குப்படி 10.34. போர்க்காலத்தில், 1940இல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த நாணயத்துக்கு 9.5 அளவே வரும். 1947இல் ரூபாய் முழு நிக்கலாகிவிட்டது.

தண்டையின் எடை 22.80 கிராம். இரண்டு ரூபாயின் எடை 23.32. பத்தரிடம் போன சேதாரத்தைக் கழித்தால் ஏறத்தாழச் சரிதான் என்று மகிழ்ந்தேன். நீரில் குறைந்தது 2.41 கிராம், அடர்த்தி 9.46! அப்படியானால் போர்க்காலத்துப் பாதி வெள்ளியா? பாட்டியின் அய்யா ஏமாந்தாரா, பாட்டிக்கு மறதியா? அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள்தான் புத்தி வந்தது. முறுக்கின் இடுக்கில் அழுக்கும் காற்றும் சிக்கியிருந்தால் நீரில் எடை கூடுதலாகக் குறையுமல்லவா? சோப்பு நீரில் ஊறவைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டேன். குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஆறவிட்டு மீண்டும் நிறுத்தேன். காற்றில் எடை ஏறக்குறைய மாறவில்லை. நீரில் குறைவு 2.21 ஆயிற்று. அடர்த்தி 10.32! (உள்ளே பரல் போட்ட பொள்ளல் தண்டையாக இருந்தால் இந்தச் சோதனையே பயன்படாது.) உரைகல்லில் இழுத்த கீற்றின்மேல் ஒரு துளி நைட்ரிக் அமிலமும் ஒரு துளி உப்பு நீரும் விட்டதும் வெண்மை திரண்டது. அதுவும் வெள்ளிக்குச் சான்று. இதை ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்க.

வயது? புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார், நெடுஞ்செழியனின் இளமைக்கு அவன் இன்னும் களையாத தாலியைச் சான்றாக்குகிறார். அணி பிள்ளையின் வயதைச் சொல்லும். தன் வயதை அவ்வளவு எளிதில் சொல்லாது. முத்திரை இல்லாமையும் பெரிய சான்றன்று. வெள்ளிக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஹால்மார்க் வந்ததே 2005இல். முறுக்கு ஒரே சீராக இல்லை, கைவேலை. உட்புறம் சற்றே தேய்ந்திருந்தது. ஒரு குழந்தை அணிந்து நடந்திருக்கிறது. 1940க்கு முந்திய ரூபாயின் வெள்ளியோடு பொருந்துகிறது என்பது வரையில்தான் என் தராசு பேசும். அதைப் பிற்காலத்திலும் உருக்கியிருக்கலாம். பாட்டி சொன்னதும் அதுதானே.

கணக்கைப் பார்த்த வீட்டுக்காரர், "சரி, பெரியம்மாவிடமே கொடுத்துவிடு" என்றார். பாட்டியிடம் கொண்டுபோய், "துலக்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்யா, கறுப்பாவே இருக்கட்டும்" என்று மடியில் முடிந்துகொண்டார்.