விடுமுறை முடிந்து குழாயைத் திறக்கும்போது…

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில், ‘அமெரிக்கன் லீஜன்’ என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு நடந்தது. வீடு திரும்பியவர்கள் அடுத்தடுத்துக் கடும் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் ஆளாயினர். விடுதியருகே நடமாடியவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் அறிவியலாளர் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அதற்கு ‘லெஜியோனெல்லா’ என்றும், நோய்க்கு ‘லெஜியோனேர் நோய்’ என்றும் பெயர் வந்தது.

எவ்வாறு பரவுகிறது?

ஷவர், நீரூற்று, பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரம் ஆகியவற்றிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் இந்நோய் வருகிறது. பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. குழந்தைகளுக்கு அரிதாகவே வரும். ஐம்பது வயதைக் கடந்தோர், புகைப்பிடிப்போர், நுரையீரல் நோயுள்ளோர் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி ஆகியவை அறிகுறிகள். உரிய எதிருயிரி மருந்தால் குணப்படுத்தலாம்; தாமதம் ஆபத்தானது.

நாம் செய்ய வேண்டியவை

இக்கிருமி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். குளிர்நாடுகளில் குழாய்நீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடித் தொட்டிக்கு அது இயலாது. எனவே நமக்குள்ள வழிகள் தூய்மையும் நீரோட்டமுமே.

* பள்ளி திறக்கும் முன் மேல்நிலைத் தொட்டியின் பழைய நீரை வெளியேற்றி, பாசியும் வண்டலும் நீங்கத் தேய்த்துக் கழுவி, குளோரின் இட வேண்டும்.
* தொட்டியை எப்போதும் மூடி வைக்க வேண்டும்.
* மாணவர் வருவதற்கு முன்பே, சன்னல்களைத் திறந்துவைத்து, எல்லாக் குழாய்களையும் தெறிக்காமல் மெதுவாகத் திறந்து சில நிமிடங்கள் நீரை ஓடவிட வேண்டும். பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறையேனும் திறக்க வேண்டும்.
* விடுதியுள்ள பள்ளிகளில் ஷவர் முனைகளில் படியும் உப்பை அகற்ற வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஆய்வக வெப்பமானியால் குழாய்நீரின் வெப்பநிலையைக் காலையும் நண்பகலும் ஒரு வாரம் அளந்து, மாணவர்கள் வரைபடம் வரையட்டும். அதில் 20, 45 டிகிரிக் கோடுகளையும் இடச் சொல்லுங்கள். அளவுகள் எங்கே அமைகின்றன என்று அவர்களே பார்த்தபின், “அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். நுண்ணுயிரிகள் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.