நீர்மட்டமும் நீரோட்டமும்: யமுனை கற்பிக்கும் கணக்கு

2023 ஜூலை 13ஆம் நாள், தில்லிப் பழைய இரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 208.66 மீட்டரை எட்டியது. அங்கு அபாய அளவாகக் குறிக்கப்பட்டிருப்பது 205.33 மீட்டர். 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பதிவான 207.49 மீட்டர் என்ற உச்சமே அதுவரை முறியாதிருந்தது. அதனையும் புதிய வெள்ளம் ஒரு மீட்டருக்கு மேல் விஞ்சிவிட்டது.

வியப்பு இதில் இல்லை. ஹரியானாவிலுள்ள ஹத்னிகுண்ட் கதவணையை அந்த வாரம் கடந்து வந்த உச்ச நீரோட்டம் விநாடிக்குச் சுமார் 3.59 லட்சம் கன அடி. 2019 ஆகஸ்டில் அதே கதவணையைக் கடந்ததோ 8.28 லட்சம் கன அடி. ஆயினும் அவ்வாண்டு தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டரோடு நின்றுவிட்டது. பாதிக்கும் குறைவான வெள்ளம் இரண்டு மீட்டர் கூடுதலாக உயர்ந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண, ஆற்று நீர் அளக்கப்படும் முறையை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அளவிடும் முறை

நீர்மட்டம் என்பது உயரம். பாலத்தூணிலோ கரையிலோ நட்ட அளவுப் பலகையைப் பார்த்து எவரும் குறித்துவிடலாம். நீரோட்டம் என்பது ஒரு விநாடியில் ஓரிடத்தைக் கடந்து செல்லும் நீரின் கன அளவு. இதனைப் பலகையில் படிக்க இயலாது. கணக்கிட்டே பெற வேண்டும்.

ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். படகிலிருந்தோ பாலத்திலிருந்தோ ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்க்கப்படுகிறது. பின்னர் வேகமானியை நீருள் இறக்கி, மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஓடும் வேகத்தைக் குறிக்கின்றனர். அந்த வேகம் அத்துண்டின் சராசரி வேகத்திற்கு மிக நெருங்கியது என்பது நீண்டகால அனுபவம். பரப்பையும் வேகத்தையும் பெருக்கி, எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் நீரோட்டம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 200 மீட்டர் அகலமும் சராசரி 3 மீட்டர் ஆழமும் உள்ள ஆறு விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடுமானால், நீரோட்டம் 900 கன மீட்டர். அதாவது சுமார் 31,800 கன அடி.

கூறுவது எளிது. மரங்களும் குப்பைகளும் உருண்டு வரும் வெள்ளத்தில் வேகமானியை இறக்குவது எளிதன்று. அத்தகைய நாள்களில் மிதவையை விட்டு மேற்பரப்பு வேகத்தைக் கணித்து, அதனைத் தக்க விகிதத்தாற் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஒலியலைகளைக் கொண்டு அளக்கும் கருவிகள் இன்று வந்துள்ளன என்றாலும், கரையில் நிற்கும் மனிதரின் பணி முற்றிலும் நீங்கிவிடவில்லை.

நீரோட்டத்தை மணிக்கு மணி அளப்பது ஆகாத செயல். ஆகவே பல அளவீடுகளைச் சேர்த்து, இன்ன மட்டத்திற்கு இன்ன நீரோட்டம் என்று ஒரு வரைகோடு தயாரித்து வைத்துக்கொள்கின்றனர். அதன்பின் மட்டத்தை மட்டும் பார்த்து நீரோட்டத்தைச் சொல்லிவிடலாம். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஆறு தன் படுகையை மாற்றிக்கொள்ளும்போது வரைகோடு பழசாகிவிடுகிறது.

முன்னறிவிப்பு

1958ஆம் ஆண்டு நவம்பரில் தில்லியில் யமுனைக்காகத் தொடங்கப்பட்டதே நம் நாட்டில் மைய அரசின் வெள்ள முன்னறிவிப்புப் பணி. மத்திய நீர்வள ஆணையம் இன்று பல ஆற்றுப் படுகைகளில் இதனை நடத்தி வருகிறது. மேலே ஓர் நிலையத்தில் பதிவாகும் நீரோட்டம் எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு உயரத்தில் கீழே வந்து சேரும் என்பதே அடிப்படைக் கேள்வி. சொன்ன மட்டத்திற்கும் வந்த மட்டத்திற்கும் வேறுபாடு 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முன்னறிவிப்பு சரியானதாகக் கொள்ளப்படுகிறது.

ஹத்னிகுண்ட் நீரைத் தேக்கும் அணை அன்று என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். நீரோட்டம் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டினால் கால்வாய் மதகுகள் மூடப்பட்டு, நீர் முழுவதும் ஆற்றிலேயே விடப்படுகிறது. ‘தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்’ என்ற வழக்கமான குற்றச்சாட்டு, ஓரளவு இவ்வமைப்பை அறியாமையால் எழுவது.

இனி நம் வினாவுக்கு வருவோம். தில்லியில் வெள்ளம் பரவ வேண்டிய தாழ்நிலங்கள் சுருங்கியுள்ளன. படுகையில் வண்டல் படிந்துள்ளது. 2023இல் ஐ.டி.ஓ. கதவணையின் சில கதவுகள் திறக்க இயலாமற் சிக்கிக்கொண்டன. அம்மாதத் தொடக்கத்தில் நகரிலேயே ஒரே நாளில் 153 மில்லிமீட்டர் மழையும் பெய்தது. இவற்றுள் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எனினும் கதவணையின் உச்ச எண்ணைக் கொண்டு மட்டும் நகரின் மட்டத்தைக் கணித்துவிட முடியாது என்பது தெளிவு. அந்த உச்சம் ஒரு மணி நேரம் நின்றதா, ஒரு நாள் முழுவதும் நின்றதா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

கோடைக் கணக்கு

அளவீடு வெள்ளத்திற்கு மட்டும் உரியதன்று. 1994 மே மாத ஒப்பந்தம், ஓக்லா வரையிலான யமுனையின் பயன்படத்தக்க நீரை ஆண்டுக்கு 11.983 நூறுகோடி கன மீட்டர் எனக் கொண்டு, ஹரியானாவிற்கு 5.730, உத்தரப் பிரதேசத்திற்கு 4.032, இராஜஸ்தானுக்கு 1.119, தில்லிக்கு 0.724, இமாசலப் பிரதேசத்திற்கு 0.378 எனப் பங்கிட்டது. மூன்றாம் தசம இடம் வரை பங்கிட்ட இந்த நுட்பம், அளப்பவரின் நுட்பத்தை விஞ்சியது என்றே பொருளாதாரம் பயின்ற எனக்குத் தோன்றுகிறது. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் வரைகோட்டில் நேரும் சிறு பிழைகூட ஒரு மாநிலத்தின் குடிநீர்ப் பங்கைத் தொட்டுவிடும்.

திட்ட மதிப்பீடுகளில் கதவணைக்கும் கால்வாய்க்கும் கோடிகள் ஒதுக்கப்படுகின்றன. படகுக்கும் வேகமானிக்கும் பணியாளருக்கும் ஆகும் செலவு அவற்றின் அருகே மிகச் சிறியது. சிக்கனம் என்றதும் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. கங்கைப் படுகையின் நீரோட்ட விவரங்கள் பொதுவெளியில் எளிதிற் கிடைப்பதில்லை என்பது மாணவர்க்கு மற்றொரு இடர். கோப்பில் ஓர் ஆற்றின் நீரோட்ட எண் வரும்போது, அங்கு படுகை கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்று அதிகாரி கேட்டறிவது நல்லது.

2025 செப்டம்பர் முதல் நாள் ஹத்னிகுண்டைக் கடந்த உச்ச நீரோட்டம் சுமார் 3.29 லட்சம் கன அடி. மூன்று நாள்கள் கழித்துத் தில்லிப் பழைய பாலத்தில் நீர்மட்டம் 207.48 மீட்டர். 1978ஆம் ஆண்டு ஏறத்தாழ 7 லட்சம் கன அடி வந்து எட்டிய மட்டத்திற்கு இது ஒரு சென்டிமீட்டரே குறைவு.